சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் என் மகளுக்கு

பாப்பா,

இதை உன் போனுக்கே அனுப்பியிருக்கலாம். நீ கோர்ட் வராண்டாவில் நின்றபடி பார்த்துவிட்டு, "அப்புறம் பேசறேம்மா" என்று ஒரு வரி போட்டு மறந்திருப்பாய். நேரில் வந்து சொல்லியிருக்கலாம். நீ என்னைப் பேசவிட்டால்தானே? உன்னை வக்கீலுக்குப் படிக்கவைத்ததில் முதலில் வாயடைத்துப் போனது நான்தான். அதனால்தான், ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வீடு விசிறிவிட்டுப் போகிறார்களே, அந்த இலவசப் பத்திரிகைக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி இதைப் போடச் சொன்னேன். உன் லே-அவுட்டில் எல்லாரும் அதைப் பிரித்துப் பார்ப்பார்கள், வீட்டு வேலைக்கு ஆள் தேடவாவது. அவர்களும் இதைப் படிக்க வேண்டும். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அடுத்த ஞாயிறு நம் காலனியிடம் நீ கையெழுத்து வாங்கப் போகிறாய். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான் என் கவலை.

நம் வாசலில் நின்றால் உன் கட்டடத்தின் மேல் மாடிகள் தெரிகின்றன. யாரோ ஒரு அம்மா பால்கனியில் துணி உலர்த்துகிறார். நீ இருக்கும் தரைத்தளம் தெரியவில்லை. புதுச் சுவர் மறைக்கிறது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஆனால் சுற்றிக்கொண்டு வருவதென்றால் ஆட்டோ ஓட்டும் உன் நைனாவே மீட்டருக்கு மேல் கேட்பார். கல்யாணமாகி நீ முகப்பேருக்கோ போரூருக்கோ போவாய் என்று நினைத்தேன். "அம்மா பக்கத்துலயே இருக்கேன், வாடகையும் கம்மி" என்று சொல்லி அங்கே குடிவந்தாய். வாடகை ஏன் கம்மி என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உன் மாமியாருக்கு மட்டும் இன்னும் தெரியாது என்று நினைக்கிறேன்.

விவரம் தெரியாமல் இதைப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் நம் காலனியின் ஓரமாக ஓடி, இப்போது லே-அவுட் இருக்கும் இடம் வழியாகத்தான் கூவத்துக்குப் போகும். அங்கே நெல் விளைந்த காலத்தில் நம் வீட்டுப் பெரியவர்கள் அந்தக் கால்வாயில் இறங்கித்தான் வேலைக்குப் போனார்கள். பிறகு வயலை மனையாகப் பிரித்து விற்றார்கள். கால்வாய் சாக்கடை அகலத்துக்குச் சுருங்கியது. அப்புறம் லே-அவுட்காரர்கள் பாதுகாப்புக்கு என்று குறுக்கே ஒரு செங்கல் சுவர் வந்தது. அவர்களைத் தப்பு சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பணத்தையும் பேங்க் கடனையும் போட்டு வீடு வாங்கியவர்கள், வீட்டுக்குள் தண்ணீர் வரக் கூடாது என்று நினைப்பது இயல்புதான். தண்ணீருக்குத்தான் அது தெரியவில்லை.

போன கார்த்திகை மழையில் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். தொழிற்பேட்டை எஸ்டேட் கம்பெனிகளுக்கு லீவு இல்லை. லீவு போட்டால் சம்பளம் போகும் என்று நம் தாய்மார்கள் பிள்ளைகளை வழக்கம்போல என் பால்வாடியில் விட்டுவிட்டுப் போனார்கள். நானும் சரி என்றேன். பகல் சாப்பாட்டுக்கு முட்டையை உரித்துக்கொண்டிருந்தபோது தண்ணீர் உள்ளே வந்தது. ஏரிப் பக்கமிருந்து வந்திருந்தால் முன்னாலேயே பார்த்திருப்பேன். இது சுவரில் முட்டித் திரும்பிப் பின்பக்கமாக வந்தது. பிள்ளைகளை மேஜை மேல் ஏற்றினேன், அரிசி டிரம் மேல் ஏற்றினேன். அதற்குமேல் ஏற்ற இடமில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் டில்லிபாபு கழுத்தளவுத் தண்ணீரில் யார் வீட்டு நாயையோ தூக்கிக்கொண்டு போகிறான். குட்டியானை லோடு வண்டி ஓட்டும் நம் கோமளா மகன். என்னிடம் பால்வாடியில் அ, ஆ படித்தவன். அவனைப் பெயர் சொல்லிக் கத்தினேன், சுவரை உடைக்கச் சொன்னேன்.

"டீச்சர், உடைச்சா போலீஸ் வரும்" என்றான்.

"வரட்டும்டா. புள்ளைங்க கீது உள்ள. உடை!"

கடப்பாரையோடு போனான். கூட யார் யாரோ போனார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் இறங்கியது. மேஜைக்கால் தெரிந்தது. பிள்ளைகள் கைதட்டின. அவர்களுக்கு என்ன தெரியும்? அந்தப் பக்கம் தரைத்தளத்தில் ஒரு பெரியவர் படுத்த படுக்கையாக இருந்தார். கட்டிலோடு தூக்கியிருக்கிறார்கள். அதற்குள் நனைந்துவிட்டார். சில நாளில் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். தண்ணீரால்தானா, வயதாலா என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அவர் படுத்திருந்த அறையில்தான் இப்போது உன் மாமியார் தூங்குகிறார். அதை நினைக்காமல் நான் ஒரு நாளும் படுத்ததில்லை, பாப்பா.

டில்லியைப் பிடித்துப் போனார்கள். நான் ஸ்டேஷனுக்குப் போய், உடைக்கச் சொன்னது நான்தான் என்று இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று சொன்னேன். அவர் சிரித்தார். "போம்மா. ரிட்டயர்டு ஆவற நேரத்துல உனக்கு இன்னாத்துக்கு இந்த வம்பு? கடப்பாரை புடிச்சவன் யாரோ அவன் மேலதான் கேஸு" என்றார். ஜாமீன் கிடைத்தது. ஆனால் ஜாமீன்தாரர் நிற்க, சொத்துக் காட்ட ஆள் வேண்டுமே! நம் காலனியே ஏரிப் புறம்போக்கு. பட்டா யாரிடம் இருக்கிறது? ஜட்ஜ் விட்ட பிறகும் அவன் மாசி மாதம் வரைக்கும் புழல் ஜெயிலில் கிடந்தான். சொத்து இல்லாதவனுக்கு ஜாமீன் உத்தரவு வெறும் காகிதம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அவனை வெளியே கொண்டுவந்தது நீயும் நீ வேலை பார்க்கும் டிரஸ்டும். அவனை மட்டுமா? ஜாமீன் கிடைத்தும் வெளியே வர வழியில்லாமல் இருந்த எத்தனையோ பேருக்கு ஆள் தேடி நிறுத்தினீர்கள். சட்டத்தையே மாற்றவேண்டும் என்று டெல்லி வரை போய்ப் பேசிவிட்டு வந்தாய். அன்றைக்கு நான் காலனி முழுக்க லட்டு கொடுத்தேன். உன் நைனா, "இன்னா டீச்சரு, பொண்ணு ஜட்ஜாவே ஆயிட்ட மாறி குடுக்கிற" என்று கிண்டல் பண்ணினார். ஆகட்டுமே, எனக்கு என்ன! அவ்வளவு பெருமையாக இருந்தது.

உன் டிரஸ்ட்காரர்கள் நல்லவர்கள். அதில் சந்தேகமே இல்லை. அடுப்பு கொடுத்தார்கள், பாய் கொடுத்தார்கள், நனைந்த பாடப்புத்தகத்துக்குப் பதில் புதிது கொடுத்தார்கள். டிரஸ்டை நடத்தும் அந்த மேடம் நம் வீட்டில் தரையில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டார். கெட்டவர்கள் என்றால் எனக்கு இவ்வளவு பயம் இருக்காது, சண்டை போட்டிருப்பேன். நல்லவர்கள் சேர்ந்து ஒரு காரியம் செய்யும்போது, குறுக்கே நின்று வேண்டாம் என்று சொல்கிறவள் நன்றி கெட்டவளாகிவிடுகிறாள். இந்த ஆடியில் அம்மன் கோவிலில் கூழ் ஊற்றினோம். மேடம் வந்திருந்தார், லே-அவுட் சங்கத்துச் செயலாளர் வந்திருந்தார். சொம்பில் கூழை வாங்கிக்கொண்டு அங்கேயே பேசி முடித்துவிட்டீர்கள். டில்லி மேல் கொடுத்த புகாரைச் சங்கம் விட்டுக்கொடுக்கும், நீ ஹைகோர்ட்டில் கேஸை முடித்துவிடுவாய். பதிலுக்குச் சுவர் மறுபடி எழும்ப நம் காலனி சம்மதிக்க வேண்டும். இந்தத் தடவை காங்கிரீட். கட்டும் செலவு டிரஸ்ட்டுடையது. "அம்மா, இது ரெண்டு பக்கமும் காயம் ஆறுறதுக்கான சுவர்" என்று மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர் கை எவ்வளவு மெத்தென்று இருந்தது தெரியுமா? என் கையை உருவிக்கொண்டு கூழ் அண்டாவைக் கழுவப் போனேன்.

கையெழுத்து ஆவதற்கு முன்பே சுவர் எழும்பிவிட்டது. மழைக்கு முன்னால் முடிக்க வேண்டுமாம். நம் பக்கத்துச் சுவரில் பிள்ளைகளை வைத்துப் படம் வரையச் சொன்னார்கள். பெயின்டும் பிரஷும் கொடுத்தார்கள். என்னிடம் படித்த வாண்டுகள் எல்லாம் வரிசையாக மீன் வரைந்திருக்கின்றன. அவர்கள் கை எட்டிய உயரம் வரைக்கும் மீன். உன் நைனா ஆட்டோவை நிறுத்தி வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுவரைக்கும் தண்ணி வரும்னு அளவு போட்டுகிறாங்களா?" என்று கேட்டார். வேடிக்கைக்குத்தான் கேட்டார். ஆனால் அவர் சிரிக்கவில்லை.

நீ விட்டுக்கொடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஷட்டர் இல்லாமல் சம்மதமில்லை என்று சண்டை போட்டு வாங்கினாய். சுவர் நடுவில் இரும்பு ஷட்டர், ஏரி திறந்தால் அதையும் திறக்க வேண்டும் என்று ஷரத்து. பால்வாடியில் கூட்டம் போட்டு அதை வாசித்துக் காட்டினாய். என் மகள் தமிழில் சட்டம் பேசுகிறாள் என்று நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். யார் திறப்பது என்று கேட்டேன். ரெண்டு பக்கத்து ஆட்களும், டிரஸ்ட் ஆளும் உள்ள கமிட்டி கூடி முடிவு செய்யும் என்றாய். எப்போது கூடும் என்று கேட்டேன். "ம்மா, நீ கொஞ்சம் பேசாம இரு" என்றாய். அத்தனை பேர் முன்னால். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இல்லை, பொய் சொல்கிறேன், எடுத்துக்கொண்டேன். அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு கோமளா என்னிடம் வந்தாள். டில்லி வெளியே வந்ததிலிருந்து அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஊறியிருக்கிறது. அவனுக்குத்தான் இன்னும் சரியாகவில்லை. ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் சாப்பிடும் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறான்.

"டீச்சரம்மா, நீ ஒண்ணும் சொல்லிடாத. எம்புள்ள மேல கேஸு இல்லாம போனா போதும். தண்ணி வந்தா எங்கியாச்சும் ஏறி குந்திகினு இருக்கலாம். ஜெயிலுக்கு எங்க ஏறி குந்துறது?" என்றாள்.

தலையை ஆட்டினேன். காலனியில் பாதிப் பேர் அவளுக்காகத்தான் கையெழுத்துப் போடப் போகிறார்கள். மீதிப் பேர் உனக்காக. நம்ம பொண்ணு சொல்லுது, தப்பாவா போயிடும் என்கிறார்கள். உன்னை நம்பித்தான் தங்கள் வீட்டை அந்தச் சுவருக்குக் கீழே வைக்கிறார்கள். உன் மேல் இருக்கும் இந்த நம்பிக்கையைப் பார்த்துப் போன வருஷம் என்றால் பூரித்துப் போயிருப்பேன்.

நேற்று முன்தினம் உன் நைனாவைக் கூட்டிக்கொண்டு ஷட்டரைப் பார்க்கப் போனேன். நம் பக்கம் வழவழவென்று இரும்புப் பலகை மட்டும்தான் இருக்கிறது. சுற்றித் திறக்கும் சக்கரம் அந்தப் பக்கம். நீ அதைப் பார்த்திருக்க மாட்டாய். நீ பார்த்தது வரைபடம். உன் வீட்டு ஜன்னலிலிருந்து எட்டிப் பார், தெரியும். சக்கரத்துக்குக் கம்பிக் கூண்டு போட்டு, பூட்டும் போட்டிருக்கிறார்கள். சுற்றிக்கொண்டு லே-அவுட்டுக்குப் போய்ச் செயலாளரைப் பார்த்தேன். மரியாதையான மனுஷர். உட்காரவைத்து காபி கொடுக்கச் சொன்னார். தண்ணீர் வந்தால் திறப்பீர்களா சார் என்று நேராகவே கேட்டேன்.

"கமிட்டி சொன்னா திறப்போம் டீச்சர்" என்றார்.

"அன்னிக்கு போனே வேலை செய்யலையே சார். கமிட்டி எங்க கூடும்?"

அவர் மெதுவாக, "எங்கப்பா படுத்திருந்த கட்டிலுக்குக் கீழ தண்ணி வந்தத நான் என் கண்ணால பாத்தேன். உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். அந்த நேரத்துல என் கை அந்தச் சக்கரத்தைச் சுத்துமான்னு எனக்கே தெரியாது" என்றார்.

காபி வந்தது. குடித்தேன். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். நான் எழுந்திருக்கும்போது, "நீங்களா இருந்தா சுத்துவீங்களா?" என்று கேட்டார். தெரியாது சார் என்றேன். வழி நெடுக அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

புரட்டாசி இன்னும் முடியவில்லை. ஏரி ஏற்கெனவே, உபரித் தண்ணீர் வழியும் கலங்கல் கல்லைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. இந்த வருஷம் கரையோரம் இருந்த எலிகள் எல்லாம் நம் தெருவுக்கு வந்துவிட்டன. கோவில் பக்கம் ஒரே வாரத்தில் நிறைய பாம்பு அடித்தார்கள். கட்டில் வைத்திருப்பவர்கள் அதன் காலுக்கடியில் செங்கல் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். யாரும் யாரிடமும் எதையும் சொல்வதில்லை. அவரவர் செங்கலை அவரவர் தூக்கிக்கொண்டு போகிறார்கள். என் இடத்துக்கு வந்திருக்கும் புது டீச்சர் சின்னப் பெண், செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. போன வாரம் என்னிடம், "மழைக்கு லீவு விட்டா புள்ளைங்கள வச்சிக்கலாமா டீச்சர்? அம்மாங்கல்லாம் கேக்கறாங்க" என்றது. பெற்றவர்கள் வேலைக்குத்தான் போவார்கள், பிள்ளைகள் அங்கேதான் இருக்கும். அந்தக் கட்டடத்துக்கு இன்னும் மாடிப்படி கட்டவில்லை. அது டிரஸ்டின் அடுத்த கட்டத் திட்டத்தில் இருக்கிறதாம், சமரசம் கையெழுத்தான பிறகு.

பாப்பா, நான் கேட்பது ஒன்றுதான். டில்லியின் கேஸையும் சுவரையும் சேர்த்து முடிச்சுப் போடாதே. அவன் விடுதலை அவனுக்கு வர வேண்டிய நியாயம். அதற்கு விலையாகப் பால்வாடிப் பிள்ளைகளை வைக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. உன் டிரஸ்டுக்கு இல்லை, கோமளாவுக்குக்கூட இல்லை. கேஸைக் கோர்ட்டில் நின்று நடத்து. தோற்றால் மேலே போ. ஜாமீனுக்குப் போராடிய மாதிரி இதற்கும் போராடு. மேடத்திடம் போய், சுவருக்குக் கொட்டிய பணத்தைக் கால்வாயைத் தோண்டக் கொடுங்கள் என்று சொல். உன் வேலை போகலாம். அவ்வளவு தூரம் பேசி முடித்ததை உடைத்தவள் என்று எல்லாரும் திட்டலாம். சங்கடமாகத்தான் இருக்கும். சமாதானம் என்ற பெயர் வைத்துவிட்டால் எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்று நான் உனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சின்ன வயதில் நீ பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கடித்துவிட்டு வந்தபோதுகூட, அவள் முதலில் என்ன செய்தாள் என்று கேட்டுவிட்டுத்தான் உன்னை அடித்தேன்.

நீ கேட்க மாட்டாய் என்றும் எனக்குத் தெரியும். உன் முகம் எனக்குத் தெரியாதா? அடுத்த ஞாயிறு கையெழுத்து நடக்கும். போட்டோ எடுப்பார்கள். டில்லி கோமளா பக்கத்தில் நின்று சிரிப்பான். அவன் சிரிக்கட்டும், அந்தப் பிள்ளை சிரித்து எவ்வளவு நாளாகிறது. நானும் வருகிறேன், கையெழுத்து மட்டும் போட மாட்டேன்.

ஏன் பத்திரிகையில் எழுதினேன் என்று முதலில் சொன்னேனே, அது இதற்குத்தான். சுவருக்கு அந்தப் பக்கம் தரைத்தளத்தில் இருக்கும் எல்லாருக்கும் சொல்கிறேன். போன தடவை எங்களால் உங்களுக்குச் சொல்ல முடியவில்லை. யோசிக்கவே நேரமில்லை. இந்தத் தடவை முன்னாலேயே சொல்கிறேன். ஏரி திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் மேலே ஏறிவிடுங்கள். படுத்திருப்பவர்களை முதலில் தூக்குங்கள். ஷட்டர் திறந்தால் நல்லது, உங்கள் செயலாளருக்குக் கோவிலில் விளக்கேற்றுவேன். திறக்காவிட்டால் நான் வருவேன். அந்தச் சக்கரத்துப் பூட்டை உடைப்பேன். அதை உடைக்க முடியாவிட்டால் சுவரை உடைப்பேன். காங்கிரீட்டை உடைக்க என்னால் ஆகுமா என்று உன் நைனா கேட்டார். ஆகாது என்றேன். அவர் எஸ்டேட்டுக்குப் போய், தெரிந்த காண்ட்ராக்டரிடம் டிரில் மெஷின் ஒன்றை இரவல் கேட்டு வைத்திருக்கிறார். டில்லியை அன்றைக்குக் கோமளா வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிடுவாள், அவளிடம் சத்தியம் வாங்கிவிட்டேன். இந்தத் தடவை மெஷினைப் பிடித்தவள் யார் என்று இன்ஸ்பெக்டர் தேட வேண்டியதில்லை. என் பெயரும் முகவரியும் பத்திரிகை ஆபீசில் இருக்கின்றன.

எனக்கு ஜாமீன் எடுக்க நீ வராதே. வந்தால் மகள் என்பதால் வந்தாய் என்பார்கள். வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் இருந்துவிட்டுப் போகிறேன். நீ உன் மாமியாரைப் பார். முழங்கால் வலி உள்ள அம்மா, படி ஏற நேரம் பிடிக்கும். மழை வலுக்கிறது என்றால் காலையிலேயே மாடி வீட்டுக்காரர்களிடம் சொல்லி அவரை மேலே கொண்டுபோய் உட்காரவை. மாத்திரை டப்பாவையும் எடுத்துக்கொள். மெஷினைப் போடுவதற்கு முன்னால் உனக்குப் போன் செய்வேன், எடு. அன்றைக்குப் போன் வேலை செய்யாது, பாப்பா. நான் இப்போதே செய்துவிட்டேன் என்று வைத்துக்கொள்.

உன் அம்மா